திறக்க மறுக்கும் வன்தட்டு

குண்டசாலையிலிருந்து கண்டிக்கும் பேராதனைக்கும் கற்கச் செல்லும் மாணவரின் பையில், புத்தகங்களுக்கு நடுவே உள்ளங்கையளவு வன்தட்டு ஒன்றும் இருப்பதை இன்று காண்கிறோம். அதில் பாடக்குறிப்புகள் மட்டுமா இருக்கின்றன? பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழையும் பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் படமெடுத்து அதிலே சேமித்து வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றோராகி, 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருந்தோரும் உளர். அவர்தம் மக்களுக்குக் கடதாசியின் அருமையை நாம் கூற வேண்டுமா?

அத்தகைய வன்தட்டைப் பிறிதொரு கணினியில் செருகும்போது, கோப்புறையின் பெயர் தெரிகிறது. திறக்கப் போனால் 'அனுமதி இல்லை' என்ற விடை வருகிறது. பழுதான மடிக்கணினியிலிருந்து கழற்றி, உறையிலிட்டுப் புறத்தட்டாக்கிய வன்தட்டிலேயே இத்தொல்லை மிகுதி. கோப்புகள் அழிந்தனவென்று வீட்டார் கலங்குவர். 'போர்மட் செய்தால் சரியாகிவிடும்' என்று அயலார் ஒருவர் ஆலோசனை கூறுவார். தட்டு சரியாகும், பாட்டனாரின் பத்திரம் போய்விடும்!

உண்மையில் கோப்புகளுக்கு ஒன்றும் நேரவில்லை. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யுனிக்ஸ், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துவதற்கென வளர்ந்தது. எனவே ஒவ்வொரு கோப்பிலும் அதன் உரிமையாளர் குறிக்கப்படுகிறார். அக்குறி பெயரன்று, எண்! உபுண்டு கணினியில் முதலாவது பயனருக்கு 1000 என்ற எண். மக் கணினியிலோ 501. வீட்டுக் கணினியில் 1000 என்பது தந்தையாகவும், கண்டியிலுள்ள கணினியில் முன்பின் அறியாத ஒருவராகவும் இருக்கலாம். அவ்வந்நியரைக் கணினி உரிமையாளராக ஏற்று, 1001ஆம் எண்ணுடைய மகனைத் தடுத்துவிடும். வேடிக்கையான நீதிதான்! விண்டோஸ் தருவது நீண்ட எண். விண்டோஸைப் புதிதாக நிறுவினால், அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் இட்டாலும் நீங்கள் வேற்றாளே.

பரிகாரம் எளிது. விண்டோஸில் நிர்வாகியாக நுழைந்து, அக்கோப்புறையின் பாதுகாப்புப் பகுதியில் உரிமையாளர் பெயரை மாற்றி, அனுமதியும் வழங்கலாம். லினக்ஸில் அதற்கெனவே ஒரு கட்டளை உண்டு. மக் கணினி விண்டோஸின் என்.டி.எப்.எஸ். தட்டை வாசிக்கும், எழுதாது. அது வேறு காரணம். பல கணினிகளுக்குச் சென்றுவரும் தட்டாயின் எக்ஸ்பாட் என்ற அமைப்பே ஏற்றது. அதில் உரிமையாளரைக் குறிக்க இடமே இல்லை. 2019இல் மைக்ரோசொப்ட் அதன் விவரங்களை வெளியிட்டபின் லினக்ஸும் அதனை ஏற்றுக்கொண்டது. அவ்வமைப்புக்கு மாற்றுமுன் கோப்புகளை வேறிடத்தில் பிரதி செய்தல் அவசியம். மாற்றும்போது உள்ளவை நீங்கிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிர்வாகியாக நுழையும் எவரும் உரிமையை மாற்றலாமெனில், பேருந்தில் தவறவிட்ட தட்டை எடுத்தவரும் மாற்றலாம் அன்றோ? ஆகவே அனுமதி வேறு, பூட்டு வேறு. மெய்யான பூட்டு வேண்டுமாயின் கோப்புகளை மறைகுறியாக்க வேண்டும். விண்டோஸின் சில பதிப்புகளிலுள்ள பிட்லொக்கர் இதனைச் செய்யும். கடவுச்சொல் மறந்தால் திறப்பதற்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்றையும் தரும். அதனைத் தட்டிலேயே வைத்தல் பயனற்றது. தாளில் எழுதி, மூலப் பத்திரங்கள் இருக்கும் தகரப்பெட்டியிலேயே வைத்துவிடலாம்.