விமானத்துக்கும் ஒரு வாசர் உண்டு!



சென்ற விடுமுறையில் கிளிநொச்சி மாவட்டத்தின் ஸ்கந்தபுரத்துக்குப் போயிருந்தேன். அக்கராயன் குளத்துப் பக்கத்து ஊர். என்னோடு படித்த தோழியின் வீடு அங்கே இருக்கிறது. நான் போன அன்று காலை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் வேலை செய்யவில்லை. எஞ்சின் ஓடுகிறது, சத்தம் போடுகிறது, தண்ணீரை மட்டும் காணவில்லை. தோழியின் தம்பி குழாயின் மூட்டைக் கையாலேயே திருகிக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த வாசர் வெடித்துப் போயிருந்தது. அந்த வெடிப்பு வழியாகப் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது, தண்ணீரை அல்ல. பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிப் போட்டார். பத்தே நிமிடம்! வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெய்க்கும் உதிரிப்பாகத்துக்கும் வழியில்லாத நாட்களில் பழகிய கைவேலையாம்.

திண்ணையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த தோழியின் தாயார் என்னிடம் கேட்டார்: "ஏன் பிள்ளை, எங்கட பம்புக்கு வாசர் போனா கழட்டி மாத்தலாம். என்ரை பெடியன் கட்டாருக்குப் போற பிளேனுக்கு வாசர் போனா, மேல நிண்டு ஆர் மாத்திறது?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. 1996 இல் கிளிநொச்சி நகரை இராணுவம் பிடித்தபோது சனம் இடம்பெயர்ந்து வந்து நிறைந்த ஊர்களில் ஸ்கந்தபுரமும் ஒன்று. அந்த ஆண்டுதான் 'கிபிர்' விமானங்களும் இலங்கை வானில் பறக்கத் தொடங்கின. அந்த அம்மாவுக்கு விமானம் என்றாலே நெஞ்சு பதறும். இப்போது அதே வானத்தில் மகன் போகிறான், வருகிறான். நமக்கும் இது தூரத்துக் கதையா? ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிற பெற்றோர், சவூதியிலும் குவைத்திலும் உழைக்கிற கணவன்மார், பிள்ளைகள் என்று நம் வீடுகளில் யாராவது ஒருவர் எப்போதும் ஆகாயத்தில்தானே இருக்கிறார்! ஆகவே அந்த அம்மாவின் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடினேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், விமான எஞ்சினுக்கும் வாசர் உண்டா? உண்டு. ஆனால் றப்பர் அல்ல. 'எயார் சீல்' என்பார்கள். காற்றுத் தடுப்பு வளையம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜெட் எஞ்சின் முன்பக்கத்தால் காற்றை உள்ளே இழுத்து, நெருக்கி அடக்கி, எரிபொருளைக் கலந்து எரிக்கிறது. எரிந்த வாயு பின்பக்கம் பாயும்போது வழியில் உள்ள ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம்தான் டர்பைன். அது சுழல்வதால்தான் முன்னால் காற்றை இழுத்து நெருக்கும் பகுதியும் சுழல்கிறது. இன்றைய பெரிய எஞ்சின்களில் டர்பைனை அடையும் வாயுவின் வெப்பம் 1500 பாகை செல்சியசையும் தாண்டும். டர்பைன் இதழ்கள் செய்யப்பட்ட உலோகம் உருகும் வெப்பத்தை விட அது அதிகம்! இதழ்களுக்குள் நுண்ணிய துளைகள் வழியே ஓரளவு குளிர்ந்த காற்றை ஓட விடுவதால்தான் அவை உருகாமல் நிற்கின்றன. அந்த வெப்பத்தில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் சுழல வேண்டும்.

இங்கேதான் நம் வாசர் வருகிறது. சுழலும் இதழின் நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் இடையே ஒரு வெளி விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் உரசி உடையும். ஆனால் அந்த வெளி வழியாக வாயு நழுவி ஓடினால், அது சக்கரத்தைச் சுழற்றாமல் வீணாகிறது. பம்ப் காற்றை உறிஞ்சியதே, அந்த மாதிரி. கால் மில்லிமீற்றர் இடைவெளியைக் குறைத்தால் எரிபொருள் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு மிச்சமாகும் என்று நாசா ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இடைவெளி கூடினால் நட்டம் எரிபொருளோடு நிற்காது. அதே வலுவைப் பெற எஞ்சின் கூடுதலாக எரிக்க வேண்டும். அதனால் இன்னும் சூடாகும். சூட்டில் இதழும் வளையமும் இன்னும் தேயும். இடைவெளி இன்னும் கூடும்.

சரி, ஒரு தரம் அளந்து இடைவெளி விட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கை வீங்கினால் வளையல் இறுகுகிறதல்லவா? எஞ்சினிலும் அப்படித்தான். விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரத்தில் இதழ்கள் சூட்டாலும் சுழற்சி வேகத்தாலும் சட்டென்று நீள்கின்றன. வெளிக்கூடு மெதுவாகத்தான் விரிகிறது. ஆகவே அப்போது நெருக்கம் அதிகம். உயரத்தில் சீராகப் பறக்கும்போது, வேண்டாத இடைவெளியைக் குறைப்பதற்காகக் கூட்டின் மேல் குளிர்ந்த காற்றை ஊதி அதைச் சுருக்குகிறார்கள்! வளையத்தின் உட்பக்கத்தையும் பல எஞ்சின்களில் வேண்டுமென்றே உரசினால் தேயக்கூடியதாகச் செய்கிறார்கள். இதழ் உரச நேர்ந்தால் இதழுக்குச் சேதம் வராது. வளையம்தான் தேய்ந்து வழி விடும். புது ஆட்டுக்கல்லைத் தவிடு போட்டு அரைத்துப் பழக்குவோமே, அது நினைவுக்கு வந்தது எனக்கு.

வளையம் என்று சொன்னாலும் அது ஒரே துண்டு அல்ல. முழு வளையமாகச் செய்தால் சூட்டில் விரிய இடமின்றி நெளிந்துவிடும். எனவே கிணற்றுக் கட்டின் வளைந்த கற்களைப் போலப் பல துண்டுகளாக வார்த்து, ஒவ்வொன்றையும் கூட்டின் உட்புறத்தில் கொளுவி வைக்கிறார்கள்.

கொளுவுவது எப்படி என்பதில்தான் விசயமே இருக்கிறது, சகோதரிகளே. உங்கள் குசினியில் இருக்கும் பிரஷர் குக்கரை எண்ணிப் பாருங்கள். அதன் மூடியில் உள்ள றப்பர் வளையத்தை விரலால் நெம்பி எடுத்துக் கழுவுகிறோம். தளர்ந்துபோனால் கடையில் புதிது வாங்கிப் போடுகிறோம். அதே வளையத்தை மூடியோடு ஆணி அடித்துப் பொருத்தியிருந்தால்? கழுவ மாட்டோம். தளர்ந்தாலும், 'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்று விட்டிருப்போம். நான் விட்டிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன்.

எஞ்சினின் உள்ளே இருக்கும் துண்டுகளை இறுக்கமாகப் பிணைத்துவிட்டால், சூட்டில் இறுகிப்போன ஆணிகளை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும்போது தாங்கும் பகுதிக்கும் சேதம். ஒரு துண்டு கருகியதற்காக அக்கம்பக்கத்தையும் கலைக்க வேண்டும். அதனால்தான் பல பத்தாண்டுகளாகப் பொறியியலாளர்கள் இந்தப் பிடிப்பைப் பற்றியே திரும்பத் திரும்ப யோசித்துக் காப்புரிமைகள் பெற்றுவருகிறார்கள். துண்டின் முதுகில் கொக்கிகள் வைத்து, கூட்டில் உள்ள தவாளிப்பில் நழுவவிட்டு, பின் ஒரு மெல்லிய வளையத்தாலோ ஊசியாலோ அடைக்கிறார்கள். அந்த வளையத்தை எடுத்தால் பழுதான துண்டு தனியே வெளியே வரும். திசை மாற்றிப் பொருத்த முடியாதபடி சிறு முனை ஒன்றும் விடுகிறார்கள். இரவு முழுக்கக் கண்விழித்து வேலை செய்பவரின் கை தவறினாலும் துண்டு உள்ளே போகாது!

எஞ்சினைக் கழற்றாமலே உள்ளே பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. சிறு துளை வழியாக விரலை விட மெல்லிய கமராவைச் செலுத்துவார்கள். ஒருவர் சக்கரத்தை மெதுவாகத் திருப்ப, மற்றவர் ஒவ்வொரு இதழாகப் பார்ப்பார். ஆனால் பார்க்கலாமே தவிர, அந்தத் துளை வழியாக வளையத்தை மாற்ற முடியாது. அதற்கு எஞ்சினை இறக்கிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும்.

நீர் கசியாத மூட்டுக்காக நம் முன்னோரும் தலையை உடைத்திருக்கிறார்கள். தியார்பக்கிரில் அர்துக்கிய மன்னரின் பொறியாளராக இருந்த அல்-ஜஸரி, கி.பி. 1206 இல் முடித்த தம் பொறிகள் பற்றிய நூலில், வால்வின் அடைப்பானையும் அது உட்காரும் இடத்தையும் எமரித் தூள் போட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தும் முறையை எழுதிவைத்திருக்கிறார். இன்றும் மோட்டார் பட்டறைகளில் வால்வைத் தேய்த்துப் பொருத்துவதைப் பார்க்கலாம்.

இனி, சீல் தவறினால் என்ன ஆகும்? பக்கத்து நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனம் ஏ320 நியோ விமானங்களுக்கென்று செய்த புதிய எஞ்சினில், காற்றை நெருக்கும் பகுதியின் பின்புறத்தில் கத்தி முனை போன்ற ஒரு சீல் உண்டு. நீண்ட காலம் உழைக்கட்டும் என்று நினைத்து அதன் அமைப்பை 2017 இல் சற்று மாற்றினார்கள். நல்லதற்குச் செய்த மாற்றமே வினையாகியது. 2018 பெப்ரவரியில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம் அவசர உத்தரவு போட்டது: இரண்டு எஞ்சினும் அந்த வகையாக உள்ள விமானம் பறக்கக் கூடாது. மார்ச் 12 ஆம் திகதி அகமதாபாத்திலிருந்து லக்னோவுக்குக் கிளம்பிய இண்டிகோ விமானத்தின் ஒரு எஞ்சின் வானில் நின்றுபோனது. மற்ற எஞ்சினின் பலத்தில் திரும்பிப் பத்திரமாக இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ்! அன்றே இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இண்டிகோவின் 8 விமானங்களையும் கோஎயாரின் 3 விமானங்களையும் தரையில் நிறுத்தியது. மறுநாள் இரு நிறுவனங்களும் அறுபதுக்கு மேற்பட்ட சேவைகளை இரத்துச் செய்தன. கலியாணத்துக்கும் மையித்துக்கும் போக இருந்தவர்கள் எத்தனை பேர் விமான நிலையத்தில் தவித்திருப்பார்கள்! சீல் இருந்ததோ எஞ்சினின் நடு வயிற்றில். கழற்றி மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டியிருந்தது.

நம் ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் ஏ320 நியோ விமானங்களில் இருப்பது 'லீப்' என்ற வேறு எஞ்சின். அதன் சூடான டர்பைனைச் சுற்றியுள்ள வளையத் துண்டுகள் உலோகம் அல்ல, நாரிழை சேர்த்த ஒரு வகைப் பீங்கான். உலோகத்தின் மூன்றில் ஒரு பங்கு எடைதான். சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் உலோகம் விரியும் அளவுக்குப் பீங்கான் விரியாது. இறுக்கிப் பிடித்தால் வெடிக்கும், தளர்வாகப் பிடித்தால் ஆடும். ஆகவே அங்கேயும் பழைய கேள்விதான்: எப்படிக் கொளுவுவது?

அன்று மாலை அந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மேலே நின்று யாரும் மாற்ற மாட்டார்கள், கீழே நிற்கும்போதே பார்த்துவிடுவார்கள், ஒன்று நின்றாலும் மற்றது கொண்டுபோய் இறக்கும் என்றேன். கவனமாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"கழட்டிறதுக்கு எவ்வளவு நேரம் பிள்ளை?"

"சில வேளை மாதக்கணக்கில் ஆகும் அம்மா."

"எங்கட பம்புக்குப் பத்து நிமிசம்" என்றார், மகனைத் திரும்பிப் பார்த்து.