குழை ஒடிக்க எங்கே போவது?

சித்திரை பிறந்துவிட்டால் கரிசல் காட்டில் செம்மறிக்குக் கடிக்க ஒன்றும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த புல் தையோடு காய்ந்து, பங்குனியில் வெறும் சக்கையாக நிற்கும். விளாத்திகுளம், சாத்தூர், கமுதி பக்கத்துக் காலனிகளில் ஐந்து ஆடு, பத்து ஆடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதுதான் பயமான காலம். பல வீடுகளில் நிற்பவை சொந்த ஆடுகள்கூட அல்ல, வாரத்துக்கு வாங்கி வளர்ப்பவை. தாய் ஆடு உரியவருக்கு, குட்டியில் பாதி வளர்ப்பவருக்கு. தாய்க்குப் பால் வற்றிக் குட்டி செத்தால், நம் ஆட்களின் ஒரு வருட உழைப்பு போனதுதான்.

காய்ந்த புல்லை வயிறு நிறையத் தின்றும் ஆடு ஏன் மெலிகிறது? ஆட்டின் பெரிய வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாரைச் செரிக்க வைப்பவை அவைதான். அவை வேலை செய்யத் தீவனத்தில் குறைந்தது 7 சதவீதமாவது புரதம் வேண்டும். முற்றிக் காய்ந்த புல்லிலும் நெல் வைக்கோலிலும் இருப்பது 3, 4 சதவீதம்தான். அதனால் தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும். ஆடு மேற்கொண்டு தின்னாது.

இந்தக் குறையை மரத்தழை ஈடுகட்டும். அகத்தி, சவுண்டல் எனப்படும் சுபாபுல், கிளைரிசிடியா ஆகியவற்றின் இலையில் 20 சதவீதமும் அதற்கு மேலும் புரதம் உண்டு. மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 சதவீதப் புரதமுள்ள புல் மூன்று பங்கு, 20 சதவீதமுள்ள காய்ந்த இலை ஒரு பங்கு கலந்தால் மொத்தத்தில் 8 சதவீதம் வந்துவிடும். 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 600 கிராம் காய்ந்த புல்லோடு 200 கிராம் காய்ந்த இலை போதும். பச்சையாகக் கொடுத்தால் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ. மேய்ச்சல் முடிந்து பட்டிக்குத் திரும்பியதும் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் மிதித்து வீணாக்காது.

சவுண்டல் இலையை மட்டும் அளவோடு கொடுக்க வேண்டும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மயிர் உதிரும். கிளைரிசிடியா வாடைக்கு ஆடு முதலில் முகம் திருப்பும். ஒரு நாள் வாடவிட்டு வைக்கோலோடு கலந்து போட்டால் கொஞ்ச நாளில் பழகிக்கொள்ளும். வேம்பும் வாகையும் நம் ஊர் மரங்கள், பழைய ஆட்கள் கொடுத்து வந்தவைதான். சீமைக் கருவேல் இலையை ஆடு தொடாது, காயைத் தின்னும். அரளியைக் கிட்டவே விடக்கூடாது.

இவ்வளவும் நம் பெரியவர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி மரத்தில் சாய்ந்து கடித்துக்கொள்ளும். செம்மறி அண்ணாந்து மேயாது. அதற்கு ஒருவர் தொரட்டி கொண்டுபோய்க் குழை ஒடித்துப் போட வேண்டும். யாருடைய மரத்தில் ஒடிப்பது என்பதில்தான் நம் மக்களுக்குச் சிக்கல். 2011இல் அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகளை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. ஆடு வந்தது, அதற்கு இலை தரும் நிலம் வரவில்லை. 1892இல் வெள்ளைக்கார அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் கையில் இருந்திருந்தால் வரப்போரத்தில் பத்து மரமாவது நின்றிருக்கும்.

அடுத்தவர் பட்டா நிலத்து மரத்தில் கை வைக்க அவர் அனுமதி வேண்டும், அதில் தகராறு இல்லை. ஊர்ப் பொது மரம் வேறு. கண்மாய்க்கரையிலும் மந்தையிலும் மற்றவர்கள் ஆட்டை மேய்க்கலாம், குழை ஒடிக்கலாம், காலனிக்காரன் போனால் மட்டும் அதட்டல் என்றால் அது குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம், பொதுச் சொத்துகளைச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. காலனியில் படித்த பிள்ளைகள் இதைக் கிராமசபையில் எழுந்து சொல்லலாம். ஒருவராக அல்ல, பத்துப் பேராகப் போய்ச் சொல்லுங்கள்.

அதுவரை வீட்டுமனை இருக்கிறது. மூன்று சென்ட் மனையானாலும் முள்வேலிக்குப் பதில் இரண்டடிக்கு ஒரு கிளைரிசிடியா போத்தை மழைக்காலத்தில் ஊன்றலாம். தண்ணீர் கழியும் இடத்தில் நாலு அகத்தி நிற்கும். கிளைரிசிடியா கோடையில் இலையைக் கொட்டிவிடும். ஆகவே தை பிறக்கும் முன்பே கிளையை வெட்டி, நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்தி, உதிரும் இலையைச் சாக்கில் கட்டி வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் சத்துக் குறையும், ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐந்து ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ காய்ந்த இலை. சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்கும் 60 கிலோ சேர்த்தாக வேண்டும்.