துப்பாக்கிச் சட்டமும் கொலைக் கணக்கும்: நாடுகளை ஒப்பிடும் முறை

துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை பற்றிய வாதம் எங்கு எழுந்தாலும் இரு தரப்பாரும் உடனே உலக வரைபடத்தை விரித்துவிடுகின்றனர். கட்டுப்பாடு வேண்டும் என்பார் ஜப்பானைச் சுட்டுவர். வேண்டா என்பார் சுவிட்சர்லாந்தைச் சுட்டுவர். முன்னவர் அமெரிக்காவைக் காட்டினால் பின்னவர் மெக்சிகோவைக் காட்டுவர். இவ்வாறு காட்டப்படும் செய்தி ஒவ்வொன்றும் தன்னளவில் உண்மையே. ஆயினும் அவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் ஒன்றையொன்று மறுத்து நிற்கின்றன. உண்மைகள் தமக்குள் மோதுவதில்லை. அவற்றை அடுக்கும் முறையில்தான் கோளாறு இருத்தல் வேண்டும்.

எண்ணும் ஒரு செய்தியே. ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தியின் பொருளுக்குள் புகுமுன் அது யார் வாயிலாக, எவ்வழியே வந்தது என்று வினவுவர். குற்றப் புள்ளிவிவரத்திற்கும் அவ்வினா இன்றியமையாதது. தாக்குதல், கொள்ளை முதலிய குற்றங்களுக்கு நாடுதோறும் வரையறை வேறு; மக்கள் காவல் நிலையத்தை நாடும் வழக்கமும் வேறு. ஆதலின் ஒரு நாட்டில் தாக்குதல் வழக்குகள் மிகுதியாகப் பதிவாகியிருப்பது அங்கு வன்முறை மிகுதி என்பதையும் காட்டலாம். முறையீடுகளை மறுக்காது பதிவு செய்யும் நேர்மை மிகுதி என்பதையும் காட்டலாம். இதனாலேயே குற்றவியல் ஆய்வாளர் நாடுகளை ஒப்பிடக் கொலையையே பெரிதும் நம்புகின்றனர். பிணத்தை மறைப்பது எளிதன்று.

எனினும் கொலைக் கணக்கும் முற்றிலும் வழுவற்றதன்று. இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று இதற்குத் தக்க சான்று. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்னும் சிற்றூரில் ஒருவன் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். மறு ஆண்டே இரு சட்டங்கள் வாயிலாகப் பிரிட்டனின் பெருநிலப்பரப்பில் கைத்துப்பாக்கி ஏறத்தாழ முழுமையாகத் தடை செய்யப்பட்டது. ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. அதன் பின்னும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் கொலைக் கணக்கு ஏறிக்கொண்டே சென்று 2002-03ஆம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டது. தடையால் பயனில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ எனக் கட்டுப்பாட்டை எதிர்ப்போர் இவ்வெண்ணை இன்றுவரை எடுத்தாள்கின்றனர்.

அவ்வாண்டின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போர் வியப்பர். அதனுள் 172 மரணங்கள் ஹெரால்டு ஷிப்மன் என்னும் ஒரே மருத்துவரின் கைவண்ணம். மான்செஸ்டருக்கு அண்மையில் தொழில் புரிந்த அவர், தம்மிடம் வந்த முதியோருக்கு வலிதணிப்பு மருந்தை மிகையாக ஊசி வழிச் செலுத்திப் பல்லாண்டுகளாகக் கொன்றுவந்தார். 1998இல் கைதாகி, 2000இல் தண்டனை பெற்றார். ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கை 2002இல் வெளிவந்த பின்னரே அம்மரணங்கள் கொலைகளாகப் பதிவாயின. அந்நாட்டில் கொலை, நிகழ்ந்த ஆண்டில் அன்று, கொலை எனப் பதிவான ஆண்டிலேயே கணக்கில் ஏறும். துப்பாக்கிக்குச் சிறிதும் தொடர்பில்லாத, பழைய ஆண்டுகளின் மரணங்கள் இவ்வாறு துப்பாக்கிச் சட்டத்தின் தோல்விக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டன! இவற்றை நீக்கிய பின்னும் அக்காலத்தில் சிறிது ஏற்றம் இருந்தது என்பதையும், பின்னர் அது தணிந்தது என்பதையும் நடுநிலையோடு சொல்லியாக வேண்டும். அந்நாட்டுக் கொலைகளில் துப்பாக்கியின் பங்கு மிகச் சிறிது. கத்தியே முதலிடம் பெறுகின்றது. ஆதலின் கைத்துப்பாக்கித் தடை மொத்தக் கணக்கைப் பெரிதும் குறைக்கும் என்று எதிர்பார்த்ததே பொருத்தமற்றது.

நம் நாட்டிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 28,500 கொலைகள் பதிவாயின; அதாவது இலட்சம் பேருக்கு இருவர் என்னும் அளவு. ஆனால் வரதட்சணை மரணம் என்பது இங்குத் தனித் தலைப்பு. அவ்வாண்டில் அதன் கீழ் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் சாவு பதிவாயிற்று. அவற்றுள் தற்கொலைகளும் உள, அப்பட்டமான கொலைகளும் உள. பிற நாட்டுக் கணக்கோடு ஒப்பிடும்போது இவர்களை எங்கே வைப்பது?

இனி அமெரிக்காவுக்கு வருவோம். உலகில் பொதுமக்கள் கையில் உள்ள துப்பாக்கிகள் ஏறத்தாழ 85 கோடி என்றும், அவற்றுள் 39 கோடிக்கும் மேற்பட்டவை அமெரிக்காவில் மட்டும் உள்ளன என்றும் ஜெனீவாவிலுள்ள சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2018இல் மதிப்பிட்டது. நூறு பேருக்கு 120 துப்பாக்கிகள்! இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்ட யமன் நாட்டில்கூட நூற்றுக்கு 53 என்பதே மதிப்பீடு. அமெரிக்கர் இயல்பிலேயே குற்றம் புரியும் மக்கள் என்று கருதிவிடலாகாது. 1989 முதல் பல நாட்டு மக்களிடம் நேரடியாக வினவி எடுக்கப்பட்ட குற்றப் பாதிப்பு ஆய்வுகளில் திருட்டு, வீடு புகுதல், தாக்குதல் ஆகியவற்றில் அமெரிக்கா ஏனைய செல்வ நாடுகளினின்று பெரிதும் வேறுபடவில்லை. வேறுபாடு மரணத்தில்தான். ஃபிராங்க்ளின் சிம்ரிங், கார்டன் ஹாக்கின்ஸ் என்னும் இரு சட்ட அறிஞர்கள் 1997இல் வெளியிட்ட நூலில் இதனையே நிறுவினர்: அமெரிக்காவைப் பிற செல்வ நாடுகளிலிருந்து பிரிப்பது குற்றத்தின் அளவு அன்று, குற்றம் உயிரைக் குடிக்கும் அளவு. இலண்டனில் இரு இளைஞர் பூசலிட்டால் ஒருவன் மூக்குடைந்து வீடு திரும்புவான். சிகாகோவில் அதே பூசலில் ஒருவன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவக்கூடும். சினம் ஒன்றே, கருவி வேறு.

இங்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகின்றது. அமெரிக்காவில் துப்பாக்கியின்றி நிகழும் கொலைகளை மட்டும் தனியே எடுத்தாலும், அவற்றின் விகிதம் இங்கிலாந்தின் மொத்தக் கொலை விகிதத்தை விஞ்சுகின்றது. எனவே துப்பாக்கியை அடியோடு அகற்றினாலும் அமெரிக்கா இங்கிலாந்தாகிவிடாது. வறுமை, இனப்பாகுபாடு, போதைப்பொருள் வாணிகம் முதலிய பிற காரணங்களும் அங்கு வேலை செய்கின்றன. கட்டுப்பாட்டை வேண்டுவோர் இதனைச் சொல்லாது விடுவது முறையன்று.

இவ்விவாதத்தில் பெரும்பாலோர் கண்ணில் படாத செய்தி ஒன்று உண்டு. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் கொலையுண்டோர் ஏறத்தாழ 21,000; தம்மைத் தாமே சுட்டுக்கொண்டோர் 26,000க்கும் மேல். சாகத் துணிந்தவன் துப்பாக்கி இல்லையேல் வேறு வழி தேடமாட்டானா என்று கேட்பது இயல்பு. தேடுவான் என்பதே பொதுவான எண்ணம். ஆய்வுகளோ அதனை மெய்ப்பிக்கவில்லை. துப்பாக்கியை நாடியவருள் பத்தில் எண்மருக்கு மேல் மாள்கின்றனர். மாத்திரைகளை விழுங்கியவருள் நூற்றுக்கு ஐவர்கூட மாள்வதில்லை. பிழைத்தவருள் மிகப் பெரும்பாலோர் பின்னர்த் தற்கொலையால் இறப்பதுமில்லை. அவ்வெண்ணம் பலருக்கு ஒரு புயல் போல் வந்து கடக்கின்றது. கடக்கும் வரை கைக்கெட்டும் தொலைவில் இருப்பது என்ன என்பதே உயிரைத் தீர்மானிக்கின்றது. நமக்கு அண்மையில் இலங்கை இதற்கு எடுத்துக்காட்டு. 1995இல் அந்நாட்டின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 என்னும் அளவை எட்டி, உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக நின்றது. அவ்வாண்டிலும் 1998இலும் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகள் தடை செய்யப்பட்டன. போரும் வறுமையும் நீங்கவில்லை. ஆயினும் பத்தே ஆண்டுகளில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது.

சுவிட்சர்லாந்தின் செய்தியும் இதனோடு இணைத்துப் பார்க்கத்தக்கது. அங்குப் படைப்பயிற்சி பெற்ற குடிமகன் தன் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருப்பான். கொலையோ மிகக் குறைவு. ஆயுதம் மிகுந்தாலும் அமைதி நிலவும் என்பதற்கு இந்நாட்டைச் சான்றாக்குவோர் சிலவற்றை விட்டுவிடுகின்றனர். அத்துப்பாக்கி பயிற்சிக்குரியது, தற்காப்புக்கென்று இடுப்பில் செருகித் திரிவதற்கு அங்குத் தனி உரிமம் வேண்டும், அது எளிதில் கிட்டாது. 2007க்குப் பின் வீட்டில் வைத்திருந்த படைத்துறைத் தோட்டாக்களும் பெரும்பாலும் திரும்பப் பெறப்பட்டன. 2003-04இல் படையின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டபோது பல வீடுகளிலிருந்து துப்பாக்கி வெளியேறிற்று. அதன் பின் படைச்சேவை வயதுடைய ஆடவரிடையே தற்கொலை குறைந்தது என்றும், துப்பாக்கியைக் கைவிட்டோருள் சிறுபகுதியினரே வேறு வழியை நாடினர் என்றும் அந்நாட்டு ஆய்வாளர் 2013இல் எழுதினர்.

ஜப்பானைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1588இல் டொயோடோமி ஹிதெயோஷி குடியானவரிடமிருந்து வாள்களைப் பறித்த நாள் தொட்டு ஆயுதம் அங்கு ஆட்சியாளரின் தனியுடைமை. 1958ஆம் ஆண்டின் சட்டம் அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே. ஒரு சட்டத்தை மட்டும் பெயர்த்தெடுத்து வேறு மண்ணில் நட்டால் அது அவ்வாறே காய்க்கும் என எதிர்பார்த்தல் ஆகாது. 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொல்லப்பட்டதும் வீட்டில் குழாய்களைக் கொண்டு செய்த கருவியாலேயே. 1998 முதல் 2011 வரை ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குத் துப்பாக்கியின்றியே தற்கொலை செய்துகொண்டனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மறுபுறம் மெக்சிகோ. நாடு முழுமைக்கும் சட்டபூர்வமான துப்பாக்கிக் கடை நெடுங்காலம் ஒன்றே. அதுவும் தலைநகரில், இராணுவத்தின் பொறுப்பில். ஆயினும் 2018ஐ ஒட்டி அங்குக் கொலை விகிதம் இலட்சத்துக்கு 29. கைப்பற்றப்பட்டு மூலம் கண்டறியப்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பகுதி வடக்கே எல்லை கடந்து வந்தவை. அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள் மீது மெக்சிகோ தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் ஒருமனதாகத் தள்ளிவிட்டது. அண்டை வீட்டுக் கதவு திறந்திருக்கத் தன் வீட்டுக் கதவை மட்டும் தாழிடுவதால் என்ன பயன்? பிரேசில் இதனினும் சிக்கலானது: 2019க்குப் பின் துப்பாக்கி விதிகள் தளர்த்தப்பட்டன, கொலையோ 2017இன் உச்சத்திலிருந்து இறங்கிற்று. பெருங்குற்றக் கும்பல்களிடையே போர் தணிந்ததே முதன்மைக் காரணம் என்பர் ஆய்வாளருள் பலர். எல் சல்வடோரில் 2015இல் நூறைத் தாண்டிய விகிதம் இன்று அடிமட்டத்தில் உள்ளது. அதற்குக் காரணம் துப்பாக்கிச் சட்டம் அன்று, 2022 முதல் விசாரணையின்றிப் பல்லாயிரவரைச் சிறையிலடைத்த நெருக்கடி நிலை. அந்த விலை ஏற்கத்தக்கதா என்பது தனி ஆய்வுக்குரியது.

இந்தியாவிலும் சட்டம் கடுமையானதே. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று வரையறுக்கப்பட்டது. ஆனால் துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளால் நிகழ்பவை. அவற்றுக்குப் பெயர்பெற்ற பீகாரின் முங்கேர், பதினெட்டாம் நூற்றாண்டில் நவாப் மீர் காசிம் ஆங்கிலேயரை எதிர்க்கத் தன் தலைநகராக்கி ஆயுதப் பட்டறை அமைத்த ஊர். அக்கைத்திறன் தலைமுறைகளாக நிலைத்து, இன்று கள்ளச்சந்தைக்கு உழைக்கின்றது.

ஒரு சட்டத்தின் விளைவை அறிய நாட்டை நாட்டோடு ஒப்பிடுவதினும், ஒரே நாட்டின் முன்னிலையைப் பின்னிலையோடு ஒப்பிடுவதே தெளிவு தரும் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியா இதற்கு நல்ல களம். 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜான் ஹோவர்டின் அரசு பன்னிரண்டே நாட்களில் மாநிலங்களை இணங்கச் செய்து, அரைத்தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்து, ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதற்கு முந்திய 18 ஆண்டுகளில் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ மாண்ட துப்பாக்கிக் கூட்டுக்கொலைகள் 13. பிந்திய 22 ஆண்டுகளில் அத்தகையது ஒன்றும் இல்லை. துப்பாக்கித் தற்கொலையும் சரிந்தது. எம்மாநிலங்களில் மிகுதியான துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டனவோ அங்குச் சரிவும் மிகுதி. சரிவு 1996க்கு முன்னரே தொடங்கிவிட்டது என்று மறுப்போர் கூற்றிலும் உண்மை உண்டு; சட்டம் அதனை விரைவுபடுத்திற்று எனக் கொள்வதே பொருந்தும். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அங்குத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மீண்டும் பெருகி 1996இன் அளவையே விஞ்சிற்று. 2025 டிசம்பரில் சிட்னியின் பாண்டை கடற்கரையில் ஹனுக்கா விழாவுக்குத் திரண்டிருந்த யூதர்கள் மீது நிகழ்ந்த தாக்குதலில் 15 பேர் உயிரிழந்தனர். அங்குப் பயன்பட்டவை உரிமம் பெற்றவன் பெயரில் இருந்த துப்பாக்கிகள்.

கடல் கடந்து நியூசிலாந்தில் நிகழ்ந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, கிறைஸ்ட்சர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் தொழ வந்தோருள் 51 பேர் ஷஹீதாயினர். கொன்றவன் ஆஸ்திரேலியன். தன் நாட்டில் எளிதில் பெறவியலாத அரைத்தானியங்கித் துப்பாக்கியை அவன் நியூசிலாந்தில் 2017இல் பெற்ற சாதாரண உரிமத்தைக் கொண்டே வாங்கினான். அந்நாட்டின் அன்றைய விதிப்படி ஏழு தோட்டாக் கூடு பொருத்திய அரைத்தானியங்கி சாதாரண வகை. பெரிய கூடு பொருத்தினால் அது தனி உரிமம் வேண்டும் வகை. ஆனால் பெரிய கூட்டை மட்டும் தனியே வாங்க எந்த உரிமமும் தேவைப்படவில்லை! உரிமம் கோரியவனின் நன்னடத்தைக்குச் சான்று பகர்ந்தோருள் ஒருவர், பெரிதும் இணைய விளையாட்டின் வழியே அவனை அறிந்த நண்பர். அவனுடைய சகோதரியை விசாரிக்க அதிகாரிகள் முனையவில்லை. உரிமம் வழங்கியதில் காவல்துறை உரிய தரத்தைப் பேணவில்லை என 2020இல் விசாரணை ஆணையம் எழுதிற்று. ஜெசிந்தா ஆர்டெனின் அரசு ஒரு மாதத்துக்குள் 119க்கு 1 என்னும் வாக்கில் அத்தகைய துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆனால் நீண்ட துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பதியும் முறையை அந்நாடு 1983இலேயே கைவிட்டிருந்தது. அதனை மீட்டெடுக்குமாறு 1997இல் நீதிபதி தார்ப் அளித்த பரிந்துரை ஏட்டளவில் நின்றது. பதிவேடு மீண்டும் திறக்கப்பட்டது 2023 ஜூனில். உரிமையாளர் யாவரும் தம் துப்பாக்கிகளைப் பதிய அளிக்கப்பட்ட தவணை 2028 ஆகஸ்ட் வரை.