என் செய்நிரல் எங்கே ஓடுகிறது?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்தபோது வாப்பா கேட்ட முதற் கேள்வி, “மகள், இதுக்குப் புதுக் கம்பியூட்டர் வாங்க வேணுமா?” என்பதுதான். எங்கள் வீட்டில் இருப்பது நானா பாவித்துவிட்டுத் தந்த பழைய மடிக்கணினி. பெரிய மென்பொருள் ஒன்றை அதில் திறந்தால், அது திறந்து முடிவதற்குள் உம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்துவிடுவா. “வேணாம் வாப்பா, பிரவுசருக்குள்ளேயே எழுதலாம்” என்றேன். நான் சொன்னது பாதிதான் சரி என்று பிறகுதான் விளங்கியது.

பைதன் மொழியில் பயிற்சி செய்ய மூன்று விடயங்கள் தேவை: எழுதுவதற்கு ஓர் இடம், எழுதியதை இயக்கும் மென்பொருள், கோப்புகளைச் சேமிக்க ஓர் இடம். மேலோடிக்குள், அதாவது பிரவுசருக்குள் வேலை செய்யும் தளங்கள் இம்மூன்றையும் ஒரே பக்கத்தில் தருகின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ‘ரன்’ பொத்தானை அழுத்தியதும் செய்நிரல் எங்கே ஓடுகிறது என்று கேட்டால், அவை இரண்டு வகையாகப் பிரிந்துவிடும்.

முதல் வகையில், நாம் எழுதியது எங்கோ தொலைவிலுள்ள ஒரு கணினிக்குப் போய், அங்கே ஓடி, விடை மட்டும் திரும்பி வருகிறது. 2016 இல் தொடங்கிய ரெப்ளிட், கூகுளின் கோலாப், கிட்ஹப்பின் கோட்ஸ்பேசஸ் ஆகியன இவ்வகை. நம் பழைய மடிக்கணினி இங்கே வெறும் திரையும் விசைப்பலகையும்தான். உழைப்பு அங்கே நடக்கிறது. எங்களைப் போன்ற வீடுகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் அது இரவல் கணினி. கோட்ஸ்பேசஸ் தனிநபர் கணக்குக்கு மாதம் 60 மணித்தியாலம் வரை சிறிய கணினியொன்றை இலவசமாகத் தருகிறது; 30 நிமிடம் தொடாமல் விட்டால் தானாக நின்றுவிடும். கோலாபில் நாம் எழுதிய ஏடு கூகுள் டிரைவில் இருக்கும். செய்நிரல் உருவாக்கிய கோப்புகளோ, வேறிடத்தில் சேமிக்காவிட்டால், அந்த இரவல் கணினியோடு போய்விடும்.

இரண்டாம் வகையில் எல்லாம் நம் மேலோடிக்குள்ளேயே நடக்கிறது. 2012 இல் வந்த கோட்பென் இதற்கு நல்ல உதாரணம். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை மேலோடிக்கே தெரிந்தவை என்பதால் வேறு கணினியின் தயவு தேவையில்லை. பைதன் அப்படியல்ல, மேலோடிக்கு அது தெரியாது. 2018 இல் மொசில்லாவில் தொடங்கிய பையோடைட் என்ற திட்டம், பைதனை இயக்கும் மென்பொருளையே மேலோடிக்குள் ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றியது. ஜூப்பிட்டர்லைட் அதைக்கொண்டு இயங்குகிறது. முதற்தடவை திறக்கும்போது டேட்டா கொஞ்சம் செலவாகும். அதன்பிறகு எத்தனை தடவை ‘ரன்’ அழுத்தினாலும் நம் செய்நிரல் வெளியே போவதில்லை. டேட்டா பக்கேஜை எண்ணிப் பாவிக்கும் வீட்டில் இது சின்ன விடயமல்ல. குறையும் உண்டு: முடிவில்லாத ‘வைல்’ லூப் ஒன்றைத் தவறுதலாக எழுதிவிட்டால் மூச்சு வாங்குவது நம் சொந்த மடிக்கணினிதான். கோப்புகளும் அந்த மேலோடிக்குள்தான் கிடக்கும். தம்பி ‘கிளீன் பண்ணுகிறேன்’ என்று எல்லாவற்றையும் அழித்தால் அவையும் சேர்ந்து அழியும்.

பி.எச்.பி., மைசீக்குவெல் பாடங்களுக்கு இந்த இரண்டாம் வகைத் தளங்கள் பெரிதாக உதவா. அதற்கு முதல் வகை, அல்லது கணினியில் நிறுவும் சாம்ப்.

சென்ற தவணையில் புள்ளிப் பட்டியல் ஒப்படை ஒன்றை, பெயர் வேண்டாம், முதல் வகைத் தளமொன்றில் இரண்டு மணித்தியாலம் எழுதினேன். மஃரிபுக்குப் பிறகு இணைப்பு அறுந்தது. மீண்டும் வந்தபோது கடைசி நாற்பது வரிகள் இல்லை. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் முடிவில் கோப்பைத் தரவிறக்கி, பென் டிரைவில் ஒரு பிரதி வைக்கிறேன். தளங்களே நின்றுபோவதும் உண்டு. அமேசனின் கிளவுட்9, 2024 ஜூலையில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. கிளிட்ச், 2025 ஜூலையில் பயனாளர்களின் இணையப் பக்கங்களை இயக்குவதையே நிறுத்திவிட்டது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. என் தோழி ‘என்னைப் பற்றி’ என்று ஓர் இணையப் பக்கம் செய்து பழகினாள். முழுப்பெயர், ஊர், உம்மாவின் கைப்பேசி இலக்கம் எல்லாம் அதில். சேமித்தது தனக்கு மட்டும் என்று நினைத்தாள். அது உலகுக்கே திறந்திருந்தது. பல தளங்களில் இலவசக் கணக்கென்றால் நாம் எழுதுவது எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கும். கோட்பெனிலும் தனிப்பட்டதாக வைக்கப் பணம் கட்ட வேண்டும். பயிற்சிக்குப் பொய்ப் பெயரும் பொய் இலக்கமும் போதும்.

இன்னொரு சிக்கல், இரண்டு எழுத்து அடித்ததும் மீதி வரியைத் தாங்களே எழுதித்தரும் தளங்கள். பரீட்சை மண்டபத்தில் நமக்குக் கிடைப்பது தாளும் பேனையும்தான். அதனால் நான் முதலில் கொப்பியில் எழுதுகிறேன், பிறகு அதை அப்படியே ஜூப்பிட்டர்லைட்டில் அடித்துப் பார்க்கிறேன். விடை பிழைத்தால் பைதன் டியூட்டர் என்ற தளத்தில் போடுவேன். ஒவ்வொரு வரியும் ஓடும்போது எந்த மாறியில் என்ன பெறுமானம் இருக்கிறது என்று அது படமாகக் காட்டும். பெரும்பாலும் என் பிழை லூப்பின் கடைசிச் சுற்றில்தான் இருக்கும்.

புதுக் கம்பியூட்டர் பற்றி வாப்பா இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார். பல்கலைக்கழகம் கிடைத்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.