மூக்கிற்கு அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிரே: அச்சமும் அவசரமும்



கிரான் பகுதியில் பெரும்போக அறுவடை நாட்களில் வைக்கோல் தூசு வீடுவரை வருகின்றது. வாவியோரத்து ஈரலிப்பினால் மெத்தை, தலையணைகளில் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகள் பெருகுகின்றன. இவை ஒவ்வாமையைத் தூண்டுவதால் பலர் ஸுப்ஹு வேளையில் அடுக்கடுக்காகத் தும்முகின்றனர். மூக்கடைப்பினால் உறக்கம் இழக்கின்றனர்.

அண்மையில் ஒரு தந்தை என்னைச் சந்தித்தார். வைத்தியர் மகனுக்கு எழுதிக் கொடுத்த ஸ்பிரேயை, 'ஸ்டீரொயிட்' என்று கேள்விப்பட்டதும் அவர் ஒளித்து வைத்துவிட்டார். மகனோ பாமசியில் வேறொரு துளிமருந்தை வாங்கி, மாதக்கணக்காகப் பாவித்து, அதுவின்றி உறங்க முடியாத நிலையை அடைந்திருந்தான். தந்தையை அச்சமும் மகனை அவசரமும் வழிதவறச் செய்தன.

புளூட்டிகசோன், மொமெற்றாசோன் போன்ற ஸ்பிரேக்கள் உடற்கட்டுக்காகச் சிலர் ஏற்றிக்கொள்ளும் ஸ்டீரொயிட் வகையைச் சேர்ந்தவையல்ல. அவை மூக்கின் உட்சவ்விலுள்ள அழற்சியைத் தணிக்கின்றன. இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். ஆனால் உடனே குணம் தெரியாது. நாள்தோறும் தவறாது பாவித்தால், முழுப்பலன் கிடைக்க இரண்டு வாரங்கள் வரை செல்லலாம். சைலோமெற்றாஸோலின் போன்ற துளிமருந்துகளோ சில நிமிடங்களில் அடைப்பைத் திறக்கும். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அவையே அடைப்பை உண்டாக்கலாம்.

பாவிக்கும் முறையும் முக்கியமானது. மூக்கைச் சிந்தி, போத்தலைக் குலுக்கி, தலையைச் சற்றுக் குனிந்து, வலத் துவாரத்திற்கு இடக்கையாலும் இடத் துவாரத்திற்கு வலக்கையாலும் அடிக்க வேண்டும். மருந்து நடுச்சுவரில் படாது, வெளிப்பக்கம் நோக்கிச் செல்ல வேண்டும். பலமாக உறிஞ்சினால் அது தொண்டைக்குச் சென்றுவிடும். மூக்கு வறட்சியும் சிறு இரத்தக்கசிவும் ஏற்படலாம். நீண்டகாலம் பாவிக்கும் பிள்ளைகளின் உயரத்தை வைத்தியர் அவதானிப்பது நல்லது. குளுக்கோமா போன்ற கண்நோயுள்ளோர் அதனை முன்கூட்டியே கூற வேண்டும்.

ரமழானில் என்ன செய்வது? மூக்கின் உள்ளெல்லையைக் கடந்து மருந்து சென்றால் நோன்பு முறியும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. தொண்டைக்கு வந்ததை விழுங்காதிருந்தால் முறியாது என்று 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்தது. எனினும் இம்மருந்து பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளைக்கே உரியது. தராவீஹுக்குப் பின்னரோ ஸஹர் முடிவதற்கு முன்னரோ அடித்துக்கொண்டால் கருத்து வேறுபாட்டிற்கே இடமில்லை. நோன்பைக் காரணங்காட்டி மருந்தை நிறுத்த வேண்டியதுமில்லை.

பெற்றோர்களே, மருந்தின் பெயரைக் கண்டு அஞ்சி அதனை ஒளிக்காதீர்கள், வைத்தியரிடம் கேளுங்கள். இளைஞர்களே, நிமிடத்தில் சுகம் தேடாதீர்கள், பொறுமையோடு பாவியுங்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு ஏவியுள்ளார்கள். மருந்தை முறையாக எடுப்பது நம் கடமை. ஷிபா அல்லாஹ்விடமிருந்தே வருகின்றது.