தலைநகரில் நம் ஊர் நாவல் மரம்

புது டில்லி: ஜூன் கடைசியில் ராஜபாதைப் பக்கம் நடந்து செல்லும் தமிழர் யாரும் சற்று நின்றுவிடுவார்கள். தரையெல்லாம் ஊதாக் கறை. அண்ணாந்து பார்த்தால் நாவல் மரம்! ஔவைப் பாட்டியிடம் முருகன் சுட்ட பழம் வேண்டுமா என்று கேட்டதாகக் கதை சொல்கிறோமே, அதே மரந்தான். இங்கே அதற்கு 'ஜாமுன்' என்று பெயர். ராஜபாதைக்கு 2022-ல் 'கர்த்தவ்ய பாதை' என்று பெயர் மாறியது. நாவலுக்குப் பெயர் மாறவில்லை.

புது டில்லியை அமைத்தவர்கள் சாலை நிழலுக்கு நாவலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இது மொட்டையாக நிற்பதே இல்லை. மே மாத அனல், ஜனவரிக் குளிர், மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர் ஆகிய மூன்றையும் தாங்கும்.

பழமில்லாத மாதங்களில் இதை அடையாளம் காண்பது எப்படி? இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். மேற்புறம் பளபளக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இலை விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுவது தெரியும். கசக்கி முகர்ந்தால் டர்பென்டைன் வாடை வரும். பக்கத்துச் சாலையில் நிற்கும் நீர்மருதுக்கு இந்த வாடை கிடையாது. அதன் காய்க்கு ஐந்து இறக்கைகள் இருக்கும்.

பழுத்ததும் குத்தகைக்காரரின் ஆட்கள் வருவார்கள். ஒருவர் ஏறி உலுக்க, நான்கு பேர் கீழே துணியை விரித்துப் பிடிப்பார்கள். நாவல் கிளை எளிதில் முறியும். பழக்கமில்லாதவர்கள் ஏறுவது ஆபத்து.

மரத்தின் பெயர் தெரிந்து ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டும் திட்டம் 2018-ல் வெளிவந்தது. ஜூன் மாதம் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். டில்லி உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. 1994-ம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி டில்லியில் அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றம். ஆனால் புகார் எழுதுகிறவருக்கு வெட்டுப்படுவது என்ன மரம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நாவல் கொட்டை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே தின்ற கையோடு ஊன்றுவது நல்லது. காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் குவார்ட்டர்ஸ்வாசிக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கும். பழம் அடுத்து வரும் குடும்பத்துக்கு. இன்று நாம் பொறுக்கித் தின்பதும் யாரோ நட்டதுதானே!