பிலாவிலையில் ஒரு வாய்க் கூழ்



சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் சாவகச்சேரிச் சந்தையின் மணமே மாறிவிடும். வாசலை மிதிக்கும் முன்னரே பலாப்பழம் தன் வரவை அறிவித்துவிடுகின்றது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கையில் எடுத்து, காம்படியை முகர்ந்து பார்த்து விலை பேசுகின்ற தாய்மாரை அங்கே காணலாம். தென்மராட்சியின் பழங்கள் யாழ் தேவியில் ஏறிக் கொழும்புக்குப் போன காலத்தை எம் பெரியவர்கள் இன்றும் ஆவலோடு சொல்வர். 1990ஆம் ஆண்டு நின்றுபோன அந்தத் தொடருந்து, 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. தொடருந்து வந்தாலும் வராவிட்டாலும் மரங்கள் தம் கடமையில் தவறியதில்லை.

கோடை எமக்கு இலகுவான காலமன்று. கிணற்றில் நீர் இறங்கிவிடும், மணல் சுடும், மதியத் திருப்பலிக்கு வருவோர் விசிறியோடுதான் வருவர். ஆனால் படைத்தவர் இந்த வெயிலுக்குள்தான் நுங்கை வைத்தார். தலை சீவிய நுங்கைப் பெருவிரலால் தோண்டி உறிஞ்சிக் குடிப்பதும், மிஞ்சிய கோம்பைகளைத் தடியிற் கோத்து வண்டில் உருட்டுவதும் எம் பிள்ளைகள் செலவின்றிப் பெற்ற பெருநாள்கள். ஆடிப் பிறப்பன்று அயலிலுள்ள சைவ வீடுகளிலிருந்து பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஆடிக்கூழும், கொழுக்கட்டையும் எமது வீடுகளுக்கு வரும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்த நாளைச் சிறுவருக்காகப் பாடி வைத்தார். அப்பாடலை அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை முன்பெல்லாம் இருந்ததில்லை.

இத்தனையிலும் நான் இங்கே சொல்ல விரும்புவது இனிப்புக் கூழைப் பற்றியன்று. உறைப்பும் புளிப்பும் சேர்ந்த ஒடியற் கூழைப் பற்றியே.

பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அதை இடித்து மாவாக்கி, நீரில் ஊறவைத்து, மேல் நீரை மீண்டும் மீண்டும் வடித்துக் கசப்பை நீக்க வேண்டும். பொறுமையற்றவர் செய்யக்கூடிய வேலையன்று அது. பின்னர் பெரிய பானையில் மீன்தலை, நண்டு, இறால், கணவாய் என்று கடல் தந்ததும், பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, பலாக்கொட்டை என்று வளவு தந்ததும் ஒன்றாக வேகும். சிறிதளவு அரிசியும் சேரும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் ஒடியல் மாவும் கரைந்து சேர்ந்ததும் பானை தடித்துக் கொதிக்கும். மூத்த பெண்மணி ஒருவர் அகப்பையோடு நின்று உப்புப் பார்ப்பார். வீட்டிலுள்ள எல்லோரும் அவரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு ஆலோசனை சொல்வர். அவர் எதையும் கேட்கமாட்டார்!

கூழுக்குக் கோப்பை தேவையில்லை. பிலாவிலையைக் கோலி, ஓர் ஈர்க்கால் குத்தினால் கோப்பை தயார். அதில் அள்ளி, ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். கண்ணில் நீர் வரும், மூக்கில் நீர் வரும், ஆனாலும் இலை மீண்டும் பானையை நோக்கி நீளும். இன்று ஒடியல் மா பொதிகளில் கிடைக்கின்றது. உணவகங்களிலும் பிளாஸ்ரிக் கோப்பையில் கூழ் விற்கின்றனர். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை, நானும் வாங்கிக் குடித்திருக்கின்றேன். எனினும் ஒருவருக்கென்று காய்ச்சிய கூழை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. அந்தப் பானைக்குச் சிறிய அளவு தெரியாது. ஆள் சேர்த்தால் மட்டுமே அது கூழ்.

இதை நான் கற்றது குருமடத்திலன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. எம் குடும்பம் தென்மராட்சியில் ஒரு சைவக் குடும்பத்தின் வளவில் ஒதுங்கியது. எமக்கு முன்னரே வேறு இரண்டு குடும்பங்கள் அங்கே வந்திருந்தன. அடுத்த பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மாலை, அந்த வீட்டு ஆச்சி கூழ் காய்ச்சுவதென்று முடிவெடுத்தார். கடலுக்குப் போவதற்கே தடையிருந்த காலம் அது. கடல்நீரேரியில் கிடைத்த சிறிய இறாலும், மணலுக்குள் புதைத்துச் சேமித்திருந்த பலாக்கொட்டையும், எவரோ கொண்டுவந்த மரவள்ளியுமே பானைக்குள் சென்றன. தவக்காலமாயிற்றே, நாம் குடிக்கலாமா என்று என் அம்மாவுக்கு ஒரு தயக்கம். "இதில இறைச்சி இல்லைப் பிள்ளை, உங்கட சாமி கோவிக்க மாட்டார்" என்றார் ஆச்சி. பலா மரத்தின் கீழ் நான்கு குடும்பங்கள் அமர்ந்தோம். வீட்டை விட்டு வந்த பின்னர் என் தந்தை சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

2000ஆம் ஆண்டு சித்திரை, வைகாசி மாதங்களில் அந்த ஆச்சியின் முறை வந்தது. எமக்கு இடம் தந்த தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. மாவும் பலாவும் காய்த்துக் குலுங்கும் பருவத்தில், பறிப்பாரின்றி விட்டுவிட்டு மக்கள் வெளியேறினர். 2002 மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பின்னரே பல குடும்பங்கள் திரும்பின. தலையிழந்த பனைகள், கூரையிழந்த வீடுகள். ஆச்சி திரும்பி வரவில்லை. இடம்பெயர்ந்திருந்த இடத்திலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார்.

திருவிவிலியத்தில் நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்தை நான் வாசிக்கும்போதெல்லாம் அந்த வளவு நினைவுக்கு வரும். பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பிய மக்கள், இடிந்த நகரில் கூடி நின்று திருச்சட்டம் வாசிக்கக் கேட்கின்றனர். கேட்டதும் அழுகின்றனர். அவர்களுக்கு எஸ்ராவும் நெகேமியாவும் லேவியரும் சொல்லியது என்ன? நோன்பிருங்கள் என்றல்ல. அழுகையை நிறுத்தி, போய் நல்லுணவு உண்ணுங்கள் என்றும், ஒன்றும் ஆயத்தம் செய்யாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்றும் சொல்கின்றனர். இழந்து திரும்பிய மக்களுக்குக் கிடைத்த கட்டளை இது. எம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் எளிதில் கிடைக்காது.

ஆயினும் இந்த வாசகத்தை நான் ஒருமுறை தவறாகப் பயன்படுத்தினேன். நான் பணியாற்றிய ஒரு பங்கில் தாயொருவர் இருந்தார். 2009இல் வன்னியில் காணாமற்போன மகனைத் தேடிக்கொண்டிருப்பவர். அவர் வளவில் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மகனுக்கு விருப்பமான மரம். ஆண்டுதோறும் அது காய்க்கும். அவர் ஒரு பழத்தையும் வாயில் வைப்பதில்லை. வீடு சந்திக்கச் சென்ற நான், நெகேமியாவை எடுத்துச் சொல்லி, இறைவன் தந்ததை உண்ணாதிருப்பதும் நன்றியின்மையே என்று போதித்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. தேநீர் தந்து என்னை வழியனுப்பினார். வாக்கியத்தின் முதற்பாதியை மட்டும் அவரிடம் எடுத்துச் சென்றேன் என்பதை வீதிக்கு வந்த பின்னரே உணர்ந்தேன். இரண்டாம் பாதியை அவர் என்னிலும் நன்றாக அறிந்திருந்தார். மரத்துப் பழங்களில் ஒன்றும் வீணாகாமல் அயற் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் ஆண்டுதோறும் அவரே பகிர்ந்து அனுப்பி வந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

மனம் உடைந்தவரிடம் எப்படிப் பேசுவது என்பதை உயிர்த்த ஆண்டவரிடம் கற்க வேண்டும். யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாத சீடர்கள் விடியலில் கரைக்கு வருகின்றனர். அங்கே கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். தம்மை மறுதலித்த பேதுருவிடம் அவர் முதலில் கேள்வி கேட்கவில்லை. உணவருந்த அழைத்தார், தாமே எடுத்துக் கொடுத்தார். அன்பு செய்கின்றாயா என்ற கேள்வி உண்டு முடிந்த பின்னரே வருகின்றது. அந்தக் காலை உணவில் செபதேயுவின் மக்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான யாகப்பரின் பெயரில் எமது கடல்நீரேரியின் கரையிலே, கிளாலியில் ஆலயம் நிற்கின்றது. ஆடி 25 அவரது திருநாள். கரையில் மீன் வேகும் மணம் அறிந்த புனிதர் அவர்.

இந்த ஆடி, ஆவணியில் உங்களில் பலருடைய பிள்ளைகள் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருவர். இரண்டு கிழமை விடுமுறையில் மடுத் திருத்தலம், கோவில் திருவிழாக்கள், உறவினர் வீடுகள், கொழும்புப் பயணம் என்று நாள்கள் நிரம்பிவிடும். புறப்படும் முதல் நாள் இரவு, உறக்கச் சோர்வோடு ஒரு கூழ். அதுவும் பாதியில் வாகனம் வந்துவிடும். வந்திறங்கிய முதற் கிழமையிலேயே பானையை அடுப்பில் ஏற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றேன். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராவிட்டாலும் பாதகமில்லை. ஈர்க்கு முறிக்கவும் இலை கோலவும் கற்றுக்கொடுங்கள். முதல் இலை ஒழுகும், உடுப்பில் ஊற்றும், அவர்களே சிரிப்பார்கள். உறைப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், அகப்பை பிடிக்கும் ஆச்சி சம்மதித்தால்! வெளிநாட்டிலிருந்து வர எவருமில்லாத வீடு உங்கள் ஒழுங்கையில் எது என்று உங்களுக்கே தெரியும். அங்கேயும் ஓர் ஆளை அனுப்பி அழையுங்கள்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்பங்கின் அன்பியத்தார் ஒரு வளவில் கூழ் காய்ச்சினர். பழைய பழக்கத்தில் என்னையும் அழைத்திருந்தனர். அந்தத் தாயும் வந்திருந்தார். உரித்துச் சுத்தம் செய்த பலாக்கொட்டைகளை ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு, மரநிழலில் அமர்ந்து பிள்ளைகளுக்கு இலை கோலிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பானை இறங்கியதும் தமக்கென்று இரண்டு இலைகளைக் கோலினார். ஒன்றை நீட்டிக் கூழ் வாங்கி, மெல்ல ஊதிக் குடித்தார். மற்றையதை ஈர்க்கோடு மடியில் வைத்திருந்தார்.